நிந்தவூருக்குப் போவதாகச் சொன்னவர்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் பேருந்தில் ஒருநாள், எனக்கு நன்கு அறிமுகமான குடும்பத் தலைவர் ஒருவரைக் கண்டேன். எங்கே பயணம் என்று வினவினேன். "நிந்தவூருக்கு, சுவாமி. நெல் விடயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும்" என்றார். சாய்ந்தமருதும் காரைதீவும் கடந்து நிந்தவூரும் வந்தது. அவர் இறங்கவில்லை. யன்னலுக்கு வெளியே வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பங்குமனைக்கு வந்து உண்மையைச் சொன்னார். குடியிலிருந்து மீள விரும்புவோர் கூடும் ஒரு கூட்டத்துக்காக வாரந்தோறும் தொலைவிலுள்ள ஒரு நகருக்குச் சென்று வருகிறார். அப்படியானால் நிந்தவூர் எதற்கு? "இஸ்லாமிய சகோதரர்களின் ஊர் அல்லவா, சுவாமி? அங்கே போகிறேன் என்றால் குடிக்கப் போகிறான் என்று எவரும் நினைக்கமாட்டார்கள்" என்றார்.

இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இதே மனிதர் பல ஆண்டுகளாகத் தவறணையிலிருந்து ஊரறியத் தள்ளாடி வந்தவர். அப்போது ஒளிக்கவில்லை. குணம் பெறப் போகும்போதுதான் ஒளிக்கிறார். அவர் கூச்சப்படும்படி பார்த்தது யாருடைய கண்கள்? திருப்பலிக்கு வரும் நம்முடைய கண்கள்தாம்.

அவர் செல்லும் கூட்டம், ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் வழியில் நடைபெறுவது. 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் சீரழிந்த பங்கு வணிகர் ஒருவரும் அதே நிலையிலிருந்த அறுவை மருத்துவர் ஒருவரும் தங்கள் துயரத்தை ஒருவருக்கொருவர் மனம்விட்டுச் சொன்னதிலிருந்து பிறந்தது அது. அங்கே கட்டணம் இல்லை. முழுப் பெயரும் கேட்பதில்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே நிபந்தனை. ஒருவர் தம் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். இன்று ஒரு நாள் குடிக்காதிருப்போம் என்பதற்கு அப்பால் பெரிய சபதம் எதுவும் எடுப்பதில்லை.

நானோ சபதங்களை நம்பியிருந்தவன். அந்தோனியார் சுருபத்தின் முன் எத்தனை பேரிடம் சத்தியம் வாங்கியிருப்பேன்! ஒரு மாதத்தில் சத்தியம் முறியும். பிறகு அந்த மனிதர் கோயிற்பக்கமே வரமாட்டார். குடியோடு தெய்வநிந்தை என்ற பாரத்தையும் அவர் தலையில் ஏற்றி அனுப்பியவன் நானே. இன்னொன்றும் எனக்கு அப்போது தெரியாது. நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் எங்கே நடைபெறுகிறது என்பதையும் அரச மருத்துவமனையின் உளநலப் பிரிவில் விசாரிக்கலாம்.

செபம் போதாதா, சுவாமி, என்று சில தாய்மார் கேட்கிறார்கள். டப்ளின் நகரத் தொழிலாளியான வணக்கத்துக்குரிய மற் தல்பொற் 1884இல் குடியை விட்டு, 1925இல் திருப்பலிக்குச் செல்லும் வழியில் தெருவில் விழுந்து இறக்கும்வரை தொடவில்லை என்பது உண்மையே. ஆனால் அவரும் தனியே நடந்தவரல்லர். அவரை வழிநடத்திய குருக்கள் இருந்தார்கள். முடக்குவாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அவன் தானாக எழுந்து வரட்டும் என்று அவர்கள் வாசலில் காத்திருக்கவில்லை.

அக்ரனிலும் அப்படி ஒருவர் இருந்தார். குடிநோயாளரை மருத்துவமனைகள் ஏற்க மறுத்த அக்காலத்தில், புனித தோமா மருத்துவமனையின் அருட்சகோதரி இக்னேசியா 1939இல் ஒரு குடிநோயாளியை வயிற்று அழற்சி எனப் பதிந்து உள்ளே சேர்த்தாராம். (அங்கும் ஒரு நிந்தவூர் தேவைப்பட்டிருக்கிறது!) நலமடைந்து செல்வோரிடம் திருஇருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார், மீண்டும் குடிப்பதானால் முதலில் இதைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பார். சத்தியத்தைவிட அது மென்மையானது. தவறப்போகிறவன் திரும்பி வருவதற்கும் அதில் ஒரு கதவு திறந்திருந்தது.

2004 டிசம்பர் 26இல் அம்பாறைக் கரையோரம் மட்டுமே பத்தாயிரத்துக்கும் அதிகமானோரை இழந்தது. போரின் இழப்புகள் வேறு. புதைக்க உடலும் கிடைக்காத தந்தையர் பலர் சாராயத்திலும் கசிப்பிலும் துயரைப் புதைத்தார்கள். அவர்களைக் குடிகாரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. மனைவியும் பிள்ளைகளும் பட்ட அடியையும் பட்டினியையும் அந்தத் துயரம் நியாயமாக்கிவிடாது என்பதும் உண்மை. அவர்களும் பேசுவதற்கு ஓரிடம் வேண்டும்.

நம் பங்குகளில் கிழமை நாட்களில் பூட்டிக் கிடக்கும் அறைகள் எத்தனை! ஒன்றைத் திறந்து, பத்துக் கதிரை போட்டு, தேநீருக்கு வழிசெய்து, வருகிறவர் யாரென எட்டிப்பார்க்காமல் விட்டால் போதும். வாசகர்களே, உங்கள் பங்குத்தந்தையிடம் அந்தத் திறப்பைக் கேளுங்கள். என் பங்கில் பேச்சு தொடங்கியிருக்கிறது, முணுமுணுப்பும் தொடங்கியிருக்கிறது.

அந்தக் குடும்பத் தலைவரை அண்மையில் மீண்டும் சந்தித்தேன். இன்னமும் அதே பேருந்தில்தான் போகிறார். ஆனால் இப்போது தனியாக அல்ல. எங்கள் ஊரில் இதை வெளியே சொல்லவே முடியாது என்று அழுத இஸ்லாமிய இளைஞர் ஒருவர் நிந்தவூரில் ஏறிக்கொள்கிறாராம். அவருக்காகப் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து இடம்பிடித்துக்கொண்டு போகிறார் இவர்.