ஓசூர் ரோஜாவும் பிப்ரவரி 14-உம்

காதலர் தினம் நெருங்கினால் டிவி, பத்திரிகை எல்லாவற்றிலும் ஓசூர் ரோஜா தான். ஆனால் அந்தப் பூவுக்கான வேலை டிசம்பர் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது என்பது அதை வாங்கிக் கொடுப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ரோஜாச் செடியைக் கவாத்து செய்தால் குளிர்காலத்தில் ஏறக்குறைய 45 முதல் 50 நாட்களில் அடுத்த பூ வரும். பிப்ரவரி முதல் வாரத்தில் பூ பறிக்க வேண்டுமென்றால் டிசம்பர் 15 வாக்கில் வெட்டியாக வேண்டும். ஓசூர், பாகலூர், பேரிகை, தளி பக்கம் பலர் குடில் முழுவதையும் ஒரே சமயத்தில் வெட்டுவது இதற்காகத் தான். சிவப்பு ‘தாஜ்மகால்’ ரகத்துக்கு அப்போது அவ்வளவு மவுசு.

இது விவசாயம் இல்லை, சூதாட்டம்.

பசுமைக்குடில் என்றதும் பலர் ஏசி அறை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பெரும்பாலும் இருப்பது இரும்புக் குழாய், மேலே பாலித்தீன் ஷீட், பக்கவாட்டில் காற்று வர வலை, அவ்வளவு தான். இரவில் குளிர் அதிகமானால் மொட்டு ஒரு வாரம் தள்ளிப் போகும். பிப்ரவரி 15-ந் தேதி மலர்ந்த பூவுக்கு முந்தின வார விலை கிடைக்குமா? வெயில் அடித்தால் முன்னாடியே மலர்ந்துவிடும், குளிர்பதனக் கிடங்கில் சில நாட்களுக்கு மேல் தாங்காது. பனியும் ஈரமும் சேர்ந்தால் அடிச்சாம்பல் நோய் வேறு. ஏற்றுமதியில் மோத வேண்டியதோ கென்யாவோடு. நைவாஷா 1,800 மீட்டருக்கு மேல் உயரம், ஓசூர் சுமார் 900 தான். மேட்டுக் குளிரில் மொட்டு பெரிதாக வரும், அதை உரம் போட்டு ஈடு செய்ய முடியாது.

மார்கழியில் கல்யாணம் இல்லை, அப்போது கவாத்து செய்வதில் தவறில்லை என்பார்கள். நியாயம் தான். ஆனால் மொத்தமாக வெட்டியவரிடம் தை முகூர்த்தங்களில் பாதிக்கு மேல் பூவே இருக்காதே! மேடை அலங்காரக்காரர் அடுத்த குடிலுக்கோ, பிளாஸ்டிக் பூவுக்கோ போய்விடுவார். பிளாஸ்டிக் பூவுக்குப் போனவர் திரும்பி வருவது கஷ்டம். (2022-ல் மத்திய அரசு தடை செய்த ஒருமுறை பிளாஸ்டிக் பட்டியலில் அது இல்லை என்பது தனிக் கதை.)

அரை ஏக்கர் வைத்திருப்பவர் பாத்திகளை நான்காகப் பிரித்து, இரண்டு வார இடைவெளியில் கவாத்து செய்யலாம். ஒரு பகுதியை மட்டும் காதலர் தினத்துக்கு விடலாம். ஜெர்பரா நட்டால் மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கி இரண்டு வருடம் போல் தொடர்ந்து தரும். செவ்வந்தி இன்னும் சுவாரஸ்யம். இரவு நீளமானால் தான் மொட்டு வைக்கும் செடி அது. சாயங்காலமே கருப்புத் துணி போட்டு மூடினால் கோடையிலும் பூக்கும், இரவில் விளக்குப் போட்டால் மொட்டு வைக்காமல் வளரும். ஆடியில் தூங்க வைத்து ஆவணிக்குப் பூக்க வைக்கலாம்.

2020 மார்ச் ஊரடங்கில் கோயிலும் கல்யாண மண்டபமும் மூடிய பிறகும் ரோஜா பூத்துக்கொண்டே தான் இருந்தது. செடியைக் காப்பாற்றக் கூலி கொடுத்துப் பூவை வெட்டி, குழியில் கொட்டினார்கள். பேங்க் தவணைக்குப் பிப்ரவரியை மட்டும் நம்பும் குடில்கள் இன்றும் இருக்கின்றன.