முத்திரைக்கு என்ன விலை?

சென்ற ஆண்டு என் தமக்கைக்குத் தில்லியிலேயே ஒரு வரன் வந்தது. பெண்ணைப் பிடித்தது, எங்கள் வீட்டுக் காப்பியும் பிடித்தது. "மாப்பிள்ளைக்கு ஒரு கார்" என்றார்கள். வரதட்சிணையை 1961-லேயே சட்டம் தடுத்துவிட்டது என்பதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அப்பா ஒன்றும் பேசாமல் மாருதி பலேனோவுக்கு விலை விசாரித்து வந்தார். "மாருதியா? டொயோட்டா என்றால் நாலு பேர் மதிப்பார்கள். கிளான்சா வாங்கிவிடுங்களேன்" என்று பதில் வந்தது.

நண்பர்களே, விஞ்ஞானம் பயிலும் எனக்கு இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்? 2019-இல் வெளிவந்த கிளான்சா, பலேனோவேதான். எஞ்சின் ஒன்று, உடல் ஒன்று. முகப்பும் உத்தரவாதமும் சிறிது வேறு. மற்றவற்றை அப்படியே வைத்து முத்திரையை மட்டும் மாற்றிப் பார்க்கும் சோதனையைக் கம்பெனிகளே செய்து காட்டியிருக்கின்றன!

டாக்ஸி ஓட்டும் என் மாமாவுக்கு உயர்ந்த வண்டி இன்னோவா. "மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியாச்சுடா, இன்னும் எஞ்சினைப் பிரிக்கலை" என்பார். அவர் கணக்கில் உயர்வு என்பது உழைப்பு. ஆனால் அதே டொயோட்டாவின் எடியோஸ், ஊரெங்கும் டாக்ஸியாக ஓடியதாலேயே சொந்த உபயோகத்துக்கு வாங்குவோர் பலர் அதை ஒதுக்கினர்; 2020-இல் அதன் விற்பனை நின்றது. ஜெர்மனியிலோ மெர்சிடிஸே டாக்ஸியாக ஓடுகிறது. அதனால் அதன் நட்சத்திரம் மங்கிவிடவில்லை. 2009-இல் விற்பனைக்கு வந்த நானோவை "மலிவான கார்" என்று விளம்பரப்படுத்தியது பிழை என்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். பணம் குறைவாக உள்ளவனும் பணம் குறைந்தவனாகத் தெரிய விரும்புவதில்லை அன்றோ?

முத்திரைக்காக வாங்குவோரை நான் நகைக்கவில்லை. பஸ்ஸில் தொங்கி வளர்ந்தவன் தன் சம்பாத்தியத்தில் ஒரு மெர்சிடிஸ் வாங்கி, ஞாயிறுதோறும் அதைத் துடைத்து மகிழட்டும். பணமும் அவனுடையது, பெருமையும் அவனுடையது. பெருமை ஒருவருக்கு, கடன் இன்னொருவருக்கு என்னும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. நாலு பேர் மதிப்பதற்காக அப்பாவின் பிராவிடண்ட் பண்டு ஏன் கரைய வேண்டும்?

அப்பா சம்மதித்துவிடுவார் போலத்தான் இருந்தது. அக்காதான் தொலைபேசியை வாங்கி, "எங்களுக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டாள். மெட்ரோவில் வேலைக்குப் போய் வருகிறாள். அந்த வீட்டார் பிறகு கார் வாங்கினார்களா என்று நாங்கள் விசாரிக்கவில்லை.