வாழைப்பழத்தில் மொய்க்கும் குட்டி ஈ... பூச்சிமருந்தின் ரகசியத்தை உடைத்தது எப்படி?

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றி எள் சைஸில் ஒரு ஈ பறக்குமே, அதுதான் டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பழ ஈ. விவசாயிக்கு இது பெரிய எதிரி இல்லை. ஆனால், பயிரைத் தின்னும் பூச்சிகளை எங்கே அடித்தால் சாகும் என்று கண்டுபிடிக்க ஆய்வகங்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

ஏன் இந்த ஈ?

25 டிகிரி செல்சியஸில் முட்டை முழு ஈயாக 10 நாள் போதும். இதன் மரபணு வரிசை 2000-லேயே வெளியாகிவிட்டது. மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். ஒரு நொதியை அணைத்ததும் ஈ செத்துப்போனால், அந்த நொதி இலக்குப் பட்டியலில் சேரும்.

எந்த நொதியாக இருந்தாலும் ஓகேவா?

இல்லை. ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் முடக்கும் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதி மனித நரம்புகளுக்கும் தேவை. மருந்தடிக்கும்போது விவசாயிகளுக்கே விஷம் ஏறுவது அதனால்தான். கைட்டின் சிந்தேஸ் வேறு கதை. பூச்சியின் மேல்தோலுக்கான கைட்டினைத் தயாரிப்பது இந்த நொதி. மனித உடலில் கைட்டினே கிடையாது.

2016-ல் என்ன நடந்தது?

பென்சாயில்யூரியா வகை மருந்துகள் 1970-களிலேயே வந்துவிட்டன. தோலுரிக்க முடியாமல் பூச்சி சாகும் என்பது தெரியும். மருந்து சரியாக எதைத் தாக்குகிறது என்பதில்தான் நீண்டகாலக் குழப்பம்.

முட்டைக்கோஸைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சிகளில், மருந்துக்கு அசராதவற்றின் கைட்டின் சிந்தேஸில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. எதிர்ப்புள்ள சிலந்திப்பேனிலும் அதே இடத்தில் மாற்றம். கிரீஸ், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள், கிரிஸ்பர் முறையில் அந்த மாற்றத்தைப் பழ ஈயில் புகுத்தினார்கள். அந்த ஈக்கள் மருந்தைத் தாக்குப்பிடித்தன. இலக்கு உறுதியானது.

விவசாயிக்கு இதில் என்ன?

அதே ஈக்கள், புகையானுக்கு அடிக்கும் புப்ரோஃபெசினுக்கும், சிலந்திப்பேனுக்கு அடிக்கும் எட்டாக்சசோலுக்கும் அசரவில்லை. பாட்டிலும் பெயரும்தான் வேறு, இலக்கு ஒன்றே. ஒரு மருந்து கேட்கலைன்னா இன்னொன்றுக்கு மாறுவது வழக்கம். ஆனால் இந்த மாற்றம் பரவிய பூச்சிக்கு, இந்தக் குழுவுக்குள்ளேயே மருந்தை மாற்றினால் காசுதான் வீண். வேறு இலக்கைத் தாக்கும் மருந்துக்குத்தான் மாற வேண்டும்.

சிக்கலே இல்லையா?

இருக்கு. இறால், நண்டின் ஓட்டிலும் கைட்டின் உண்டு. மருந்து நீர்நிலையில் கலந்தால் அவையும் பாதிக்கப்படும். அதோடு, ஈயிடம் கிடைத்த விடை எல்லாப் பூச்சிக்கும் அப்படியே பொருந்தாது. எதைத் தேட வேண்டும் என்று ஈ காட்டும். அது பலிக்குமா என்பதை வயல்தான் சொல்லும்.