கேட்க ஒரு ஆள் வேண்டும்!

பெரிய ரெயில் நிலையங்களில் அந்தக் காலத்தில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. மேலே ஏறி நின்று காசு போட்டால் கலர் விளக்கு சுற்றும். ‘டக்’கென்று ஒரு அட்டை வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம்.

முக்கால்வாசிப் பேர் ஜோசியத்தைத்தான் முதலில் படித்தார்கள். எடை சட்டைப் பைக்குள் போய்விடும். “போன மாசத்தை விட 2 கிலோ ஏறிடுச்சே, என்ன சமாசாரம்?” என்று கேட்க அந்த மெஷினுக்கு வாய் கிடையாது.

இப்போது எடை மெஷின் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. அதற்கும் வாய் இல்லை. எடை மட்டும் ஏறிக் கொண்டே போகிறது.

10-ல் 4 பேர்

மத்திய அரசு எடுக்கும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2015-16-ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 31 பேர் அதிக எடையுடன் இருந்தார்கள். 2019-21 கணக்கில் அது 40 ஆகிவிட்டது. ஆண்கள் 28-ல் இருந்து 37-க்கு வந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம்!

எடைக்குப் பின்னாலேயே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருகின்றன. சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் ஒரு குடும்பமே படுத்துவிடும்.

டீக்கடைக் கணக்கு

ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ரெயில் ஏறும் முன் ஒரு டீ. 11 மணிக்கு ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. 4 மணிக்கு வடையோடு ஒன்று. சாயந்திரம் ரெயிலை விட்டு இறங்கியதும் ஒன்று. ஆக 5 டீ.

ஒரு டீக்கு 2 ஸ்பூன் என்றால் 10 கிராம் சர்க்கரை. 5 டீக்கு 50 கிராம். மாதத்துக்கு ஒன்றரை கிலோ! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறார்கள் நிபுணர்கள். டீயிலேயே அதைப் போல இரண்டு மடங்கு உள்ளே போய்விடுகிறது. பிஸ்கட்டும் ஸ்வீட்டும் தனிக் கணக்கு.

அவருக்கு இது தெரியாதா? தெரியும். டாக்டர் சொல்லியிருக்கிறார். சொன்னது 5 நிமிஷம். அவர் மறுபடி டாக்டரைப் பார்ப்பது 6 மாதம் கழித்து. நடுவில் இருக்கிற 180 நாளும் அவரைக் கேட்பது யார்?

டீக்கடை பாக்கிக்கு நோட்டு இருக்கிறது. 1-ம் தேதி ஆனால் கடைக்காரர் கேட்டுவிடுவார். கேட்பார் என்று தெரிவதால்தான் பாக்கி ஒழுங்காக அடைகிறது. உடம்புக்குச் சேரும் பாக்கியை எழுத நோட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

சென்னை டாக்டர்கள் கண்டது

கேட்க ஆள் இருந்தால் என்ன ஆகும்? சென்னை டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அந்த ஆய்வு 2006-ல் வெளியானது.

சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேரை எடுத்துக் கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரையோடு சரி. இன்னொரு பிரிவினருக்குச் சாப்பாட்டு முறையும் நடைப்பயிற்சியும் சொல்லிக் கொடுத்து, மாதா மாதம் போனில் விசாரித்தார்கள். 6 மாதத்துக்கு ஒரு தடவை நேரிலும் பார்த்தார்கள்.

3 ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, முதல் பிரிவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. விசாரித்து வந்த பிரிவில் அது 39-தான். மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்ட பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலே இவ்வளவு பலன் கிடைத்தது என்பது இன்னொரு விசேஷம்.

2013-ல் வெளியான அடுத்த ஆய்வில் போன்கூடப் பேசவில்லை. வேலைக்குப் போகும் 537 ஆண்களில் ஒரு பாதிப் பேருக்கு செல்போனில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பி வந்தார்கள். 2 ஆண்டில் செய்தி வராதவர்களில் 100-க்கு 27 பேருக்கு நோய். செய்தி வந்தவர்களில் 18 பேருக்கு. நாலு வரிச் செய்திக்கே இந்தப் பலன் என்றால், பக்கத்தில் உட்காரும் ஆள் கேட்டால் எப்படி இருக்கும்!

கேலி வேறு, கேள்வி வேறு

“என்னடா குண்டா, தொப்பை கூடிடுச்சு?” என்பது விசாரிப்பு ஆகாது. கேலி செய்தால் மனுஷன் திருந்த மாட்டான். ஒளித்து வைத்துத் தின்பான். “இன்னிக்கு எத்தனை டீ? நேத்து நடந்தியா?” இந்த இரண்டு கேள்வி போதும்.

தினமும் ஒரே பெட்டியில் வரும் 4 ரெயில் சிநேகிதர்கள் பேசி வைத்துக் கொள்ளலாம். சனிக்கிழமை தோறும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதலாம். டெய்லர் டேப்பால் இடுப்பையும் அளக்கலாம். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 35½ அங்குலம். பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர், 31½ அங்குலம். அதைத் தாண்டினால் உஷார். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

கடைக்காரர்களும் உதவலாம். ‘சர்க்கரை கம்மி’ என்று கேட்கிறவரை மாஸ்டர் ஏற இறங்கப் பார்க்காமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

வீட்டில் இருப்பவரை யார் கேட்பது?

கணவருக்குச் சர்க்கரை இல்லாத காபி போடும் மனைவி, “வீணாப் போகுதே” என்று மிச்சச் சோற்றைத் தானே சாப்பிடுகிறார். 100-க்கு 40 என்ற கணக்கில் அவரும் இருக்கலாம். “நீ சாப்பிட்டியா?” என்று கேட்கிற வீடுகளிலும், “நீ நடந்தியா?” என்று கேட்கிற வழக்கம் இல்லை.

அவர் நடக்கக் கிளம்பினாலும் தெரு இடம் கொடுக்க வேண்டுமே! நடைபாதையில் மோட்டார் சைக்கிள், பள்ளம், டிரான்ஸ்பார்மர். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் ஜனங்கள் குடியிருப்பது தெருக்களில். அந்தத் தெருவின் நடைபாதை எங்கே என்று கவுன்சிலரையும் அதிகாரிகளையும் கேட்க வேண்டும். அவர்களுக்கும் கேட்க ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்.

இதெல்லாம் நாளைக்கு என்று தள்ளிப் போட வேண்டாம். ரெயிலை விட்டு இறங்கியதும் கடையில் சொல்லுங்கள்: “மாஸ்டர், சர்க்கரை கம்மியா!”

பக்கத்தில் நிற்கும் சிநேகிதரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: “நாளைக்கு என்னைக் கேளு!”