ரேங்க்கை இலக்கா வைக்காதீங்க

அண்டர்-14 டென்னிஸ் ஆடின காலத்துல என் நோட்டில் ஒரே இலக்குதான்: 'டாப் 100'. முதல் ரவுண்டிலேயே தோத்துட்டு அப்பாவோட பஸ்ஸில் திரும்பின நாட்கள்தான் அதிகம். டிராவில் எதிரே யார் வருவாங்கன்னே தெரியாதப்போ, ரேங்க் எப்படி நம்ம கையில் இருக்கும்?

கோச் அந்த வரியை அடிச்சிட்டு எழுதினார்: 'தினமும் 60 செகண்ட் சர்வ். மேட்ச்சுக்கு டபுள் ஃபால்ட் மூணுக்குள்ள.' ரெண்டு மாசத்துல பத்து, அஞ்சாச்சு. அப்பவும் தோத்தேன், ஆனா ஏன்னு தெரிஞ்சு தோத்தேன். அடுத்த வாரம் எதைப் பயிற்சி பண்ணணும்னும் தெரிஞ்சது.

1979-ல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயிச்ச ரமேஷ் கிருஷ்ணனோட பலமும் சர்வ் வேகம் இல்லை, துல்லியம்தான். துல்லியம் தினசரி எண்ணிக்கையில்தான் வளரும்.

வீட்டில் ஜூனியர் ஆடுற தம்பி, தங்கச்சி இருந்தா 'ரேங்க் என்ன?'ன்னு கேக்காதீங்க. 'இன்னைக்கு எத்தனை டபுள் ஃபால்ட்?'னு கேளுங்க.