வாய்பாடு ஒன்று, விசுவாசம் வேறு

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு மாலைப் பூசை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். இரயில்வேயில் பணியாற்றிய கணவரை இழந்தவர். ஒரே மகள், கோவையில் வேலை பார்க்கிறாள். "தோத்திரமுங்க சாமி" என்றவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பின்னர் வந்த காரியத்தைச் சொன்னார்: "பொண்ணு ஒரு பையனைக் கட்டிக்கிறேங்கிறாளுங்க. அவனும் கிறிஸ்தவந்தானுங்க. பிதா சுதன் பரிசுத்த ஆவி பேராலே ஞானஸ்நானம் வாங்கினவன். குடி, சிகரெட்டு ஒண்ணுங் கிடையாது. டீ கூடத் தொடமாட்டான். சி.எஸ்.ஐ. பையனைக் கட்டினவங்களுக்குச் செய்யற மாதிரி, பிஷப் உத்தரவு வாங்கி நம்ம கோயில்லயே முடிச்சு வைக்கோணுங்க."

எந்தச் சபை என்று வினவினோம். "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை" என்றார். மார்மோன் சபை என உலகம் அறிந்தது அதுவே.

இச்சபை நம் நாட்டிற்குப் புதியதன்று. 1851 இல் கல்கத்தாவிலும், 1853 இல் சென்னையிலும் அதன் போதகர்கள் வந்து இறங்கினர். பலன் காணாது சில ஆண்டுகளில் திரும்பினர். நூறாண்டு கழித்து, கோவையில் சிமெண்டுத் தொழிலில் கணக்கராயிருந்த அன்பர் ஒருவர் அச்சபையின் பிரசுரமொன்றைக் கண்டு, கடிதத் தொடர்பு கொண்டு, 1965 இல் அதில் சேர்ந்தார். ஆகவே, தமிழகத்தில் இவ்வரலாறு நம் கோவையோடு நெருங்கிய தொடர்புடையது. 1993 இல் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு அவர்களது பணித்தளம் அமைந்தது; அந்நகரில் ஆலயம் எழுப்பப்படும் என 2018 இல் அறிவிக்கப்பட்டது.

முதற்கண் நன்றியோடு ஒன்றைச் சொல்வோம். அவர்களிடம் நாம் கற்க வேண்டியவை உண்டு. மதுவையும் புகையிலையையும் தேநீரையும் காப்பியையும் விலக்குகின்றனர். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கின்றனர். திங்கள் மாலையைக் குடும்பத்திற்கென ஒதுக்குகின்றனர். இளைஞர் ஈராண்டைச் செலவிட்டு வீடு வீடாகச் சென்று போதிக்கின்றனர். நம்மில் எத்தனை வீடுகளில் மாலைச் செபமாலை நிலைத்திருக்கிறது? 2019 மார்ச் 9 ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அச்சபைத் தலைவரை வத்திக்கானில் வரவேற்றார். அவர்களை இகழ்வது நம் வேலையன்று.

ஆயினும் நட்பு வேறு, விசுவாசம் வேறு. 1805 இல் பிறந்த ஜோசப் ஸ்மித் என்னும் அமெரிக்கரே இச்சபையை நிறுவியவர். அப்போஸ்தலர்கள் மறைந்தபின் திருச்சபை முழுவதுமே வழிதவறி, குருத்துவ அதிகாரம் உலகினின்று மறைந்துவிட்டது என்றும், அதைக் கடவுள் தம் வழியாக மீட்டளித்தார் என்றும் அவர் கூறினார். வானதூதர் காட்டிய பொற்றகடுகளினின்று தாம் மொழிபெயர்த்ததாகச் சொல்லி மார்மோன் புத்தகத்தை 1830 இல் வெளியிட்டார். அவ்வாண்டே சபையையும் தொடங்கினார். 1844 இல் இல்லினாய் மாநிலச் சிறையொன்றில் கும்பலால் கொல்லப்பட்டார். விவிலியத்தோடு மார்மோன் புத்தகத்தையும் வேறு இரு நூல்களையும் மறைநூலாகக் கொள்வர். நாமோ, பாதாளத்தின் வாயில்கள் வெற்றிகொள்ளமாட்டா என்று பேதுருவிடம் உரைத்த ஆண்டவர், அத்திருச்சபையைப் பதினேழு நூற்றாண்டு கைவிட்டிருந்தார் என்று எங்ஙனம் ஏற்பது?

வேறுபாட்டின் வேர் இதனினும் ஆழமானது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்னும் மூவரும் ஒரே இறைத்தன்மையுடைய ஒரே கடவுள் என்பது நம் விசுவாசம். கி.பி. 325 இல் நீசேயாவில் கூடிய ஆயர்கள், சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என அறிக்கையிட்டனர். ஞாயிறுதோறும் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணம் அதன் வழி வந்ததே. மார்மோன் சபையினர் அந்த அறிக்கையை ஏற்பதில்லை. மூவரும் நோக்கத்தால் ஒன்றுபட்ட, தனித்தனியான மூவர்; பிதாவுக்கும் தசையும் எலும்புமுடைய உடலுண்டு; விண்ணகத் தாய் ஒருத்தியும் உண்டு; மனிதர் படிப்படியாக உயர்ந்து கடவுளரைப் போலாகக் கூடும் என்பது அவர்களது போதனை. நாமோ படைத்தவர்க்கும் படைக்கப்பட்டவர்க்கும் இடையே உள்ள எல்லை அழியாதது என்கிறோம். அவரது அருளில் பங்குபெறுவோம், அவராகிவிட மாட்டோம்.

இதனாலேயே 2001 ஜூன் 5 ஆம் நாள், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், கர்தினால் ராட்சிங்கர் கையொப்பத்துடன், இச்சபையில் பெறும் ஞானஸ்நானம் செல்லாது என விடையளித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதற்கு ஒப்புதல் தந்திருந்தார். தண்ணீர் உண்டு, மூவர் பெயரும் உண்டு; ஆனால் அப்பெயர்களால் குறிக்கப்படுவோர் திருச்சபை அறிக்கையிடும் மூவொரு கடவுள் அல்லர். ஒரே பெயருடைய இருவரில் ஒருவருக்கு எழுதிய கடிதம் மற்றவரைச் சேருமோ? அவர்களும் நமது ஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. அங்கே சேரும் கத்தோலிக்கருக்கு மீண்டும் கொடுக்கிறார்கள் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆகவே அத்தாயின் வேண்டுகோள் வேறு வழியில் செல்லவேண்டியதாயிற்று. சி.எஸ்.ஐ. சபையினரின் ஞானஸ்நானத்தை நாம் ஏற்கிறோம்; அங்கே ஆயரின் அனுமதி போதும். இங்கோ மணமகன் ஞானஸ்நானம் பெறாதவராகவே கருதப்படுவார். திருச்சபைச் சட்டம் 1086 இன்படி இது திருமணத்தையே செல்லாததாக்கும் தடை. ஆயரின் விதிவிலக்குப் பெற்றால்தான் திருமணம் நிறைவேறும். பெற்றாலும், இருவரும் ஞானஸ்நானம் பெற்றோராய் இணைகையில் உண்டாகும் திருவருட்சாதனம் அங்கே இல்லை. தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராய் வளர்க்க இயன்றதெல்லாம் செய்வதாகவும் மகள் வாக்களிக்க வேண்டும். இதையெல்லாம் சொன்னபோது தாய் கண் கலங்கினார். மகளை அனுப்பும்படி கேட்டோம்.

மறுவாரம் அவள் வந்தாள். சட்டத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சாமி, அவங்க கோயிலில் குடும்பத்தை நித்தியத்துக்கும் சேர்த்து முத்திரிக்கிறாங்களாம். செத்துப்போனவங்களையும் சேர்த்துக்கலாமாம். அப்படின்னா எங்க அப்பாவை மறுபடி பார்ப்பேனில்லையா?" என்றாள். தாய் அறியாதிருந்த செய்தி அது. தந்தையை இழந்த ஏக்கமே அவளை அச்சபையின்பால் ஈர்த்திருந்தது.

அச்சபையினர் தம் ஆலயங்களில் இறந்தோர் பெயரால் உயிருள்ளோருக்கு ஞானஸ்நானம் கொடுப்பது உண்மையே. 1 கொரிந்தியர் 15:29 ஐ அதற்குச் சான்று காட்டுவர். அதற்காகவே உலகெங்கும் வம்சாவளி ஏடுகளைத் திரட்டுகின்றனர். பங்கு ஞானஸ்நான ஏடுகளைப் படமெடுக்க அவர்களுக்கு இடந்தரலாகாதென 2008 இல் வத்திக்கான் ஆயர்களைக் கேட்டுக்கொண்டதும் இக்காரணத்தாலேயே.

அவளிடம் நாம் சொன்னது இதுவே: "மகளே, உன் தந்தை ஞானஸ்நானம் பெற்றவர், நோயில்பூசுதல் பெற்று, நற்கருணை உட்கொண்டு கண்மூடியவர். அவருக்காக வேறொருவர் தண்ணீரில் இறங்கத் தேவையில்லை. உயிர்த்தெழுதலில் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லையென ஆண்டவர் மொழிந்தார் (மத்தேயு 22:30). அன்பு அழியும் என்று அவர் சொல்லவில்லை. புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கிறேன் என்று நீ சொல்கிறாயே, உன் தந்தையும் நீயும் அதில் அடக்கம். நவம்பர் 2 இல் கல்லறையில் ஏற்றும் மெழுகுவர்த்தி அதற்கன்றோ?"

அவள் அழுதாள். திருமணத்தைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. அவ்விளைஞனும் நம்மைக் காண வருவதாக உள்ளான். மரியாதையோடு வரவேற்போம்.

பெற்றோரே, அத்தந்தை இறந்தபின் ஏழாம் நாள் பூசையும் முப்பதாம் நாள் பூசையும் முறைப்படி நடந்தன. அதன்பின் அப்பெண்ணிடம் அவரைப் பற்றி எவரும் பேசவில்லை. நாமும் பேசவில்லை, அக்குறை நம்முடையதே. வேறொருவர் வந்து பேசினார், அவள் செவிமடுத்தாள். உங்கள் வீட்டில் இறந்தோர் பெயர்களை இன்றிரவு செபத்தில் சொல்லுங்கள். விசுவாசப் பிரமாணத்தின் இறுதி வரிகளுக்குப் பொருள் இன்னதென்று பிள்ளைகளுக்கு உங்கள் வாயாலேயே எடுத்துரையுங்கள்.