கெட்டாத்தான் காசு

பொங்கலுக்குக் கொழுந்தியா பையன் வந்திருந்தானுங்க. சென்னையில கம்ப்யூட்டர் வேலை. கிணத்து மேட்டுல நின்னு மோட்டார் ஓடறதைப் பாத்துட்டு, "பெரியப்பா, ஓசி கரண்டுங்கறதாலதானே விவசாயிங்க எல்லாரும் இப்படி ஓட்டித் தள்றீங்க? யூனிட்டுக்கு இவ்வளவுன்னு பில் வந்தா பயம் இருக்கும்ல?"ன்னு கேட்டான். தப்பான பையன் இல்லை. இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப் பேருக்கு அதே நெனப்பு இருக்கும். அதனால அவனுக்குச் சொன்னதை விட விளக்கமா இங்க எழுதறேன்.

முதல்ல அந்த 'ஓசி'. எங்க அப்பாரு காலத்துல கவலை ஓட்டித்தான் தண்ணி எறச்சாங்க. அப்பறம் மோட்டார் வந்துச்சு. கரண்டு பில்லும் வந்துச்சு. 1970-ல கட்டணத்தை ஏத்துனதுக்காகப் போராடினப்போ பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து 3 விவசாயிங்க செத்தாங்க. 1984-ல சிறு விவசாயிக்கும், 1990-ல எல்லா விவசாயிக்கும் இலவசம்னு ஆச்சு. விளையற பொருளுக்கு நாங்க விலை சொல்ல முடியாத நாட்டுல, தக்காளி உங்களுக்கு அந்த விலைக்குக் கிடைக்கறதுக்கு அரசாங்கம் கட்டற காசு அது. இதுக்கு மேல அந்தச் சண்டைக்கு நான் வரலைங்க. ஏன்னா கரண்டு வீணாகுதுங்கறது நெசம். ஆனா நீங்க நெனைக்கிற எடத்துல வீணாகறதில்லை.

எங்க வீணாகுதுன்னு நானே அளந்து பாத்துட்டுச் சொல்றேன்.

என் தங்கச்சி பையன் திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில பம்புகளைப் பாத்துக்கற வேலையில இருக்கான். சாயமேத்துற மெஷின்ல துணியோட சேந்து சாயத் தண்ணியும் சுத்திக்கிட்டே இருக்கணும். நடுவுல பம்பு நின்னுட்டா கலர் திட்டுத் திட்டாப் போயிரும், மொத்தத் துணியும் நட்டம். அதனால அங்க ஒரு பம்பு மாட்டறதுன்னா கலியாணம் மாதிரி. அடியில கான்கிரீட் போட்டு, போல்ட்டை மட்டம் பாத்து முறுக்கி, மோட்டார் தண்டும் பம்பு தண்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கான்னு டயல் கேஜ் வெச்சுப் பாப்பாங்களாம். ஷிப்டுக்கு ஒருதரம் எத்தனை ஆம்பியர் இழுக்குது, எவ்வளவு அழுத்தம் இருக்குதுன்னு நோட்டுல எழுதணும். கிரீஸ் வெக்கறதுக்குத் தேதி உண்டு. ஒன்னு நின்னா ஓட்டறதுக்குப் பக்கத்துல இன்னொன்னு தயாரா நிக்கும்.

போன வருசம் கோயில் நோம்பிக்கு வந்தவன் என் கிணத்து மோட்டாரைப் பாத்தான். 5 எச்.பி. மோனோபிளாக். "மாமா, இதை அளந்து பாக்கலாமா?"ன்னான். அளக்கறதுக்கு என்ன மாப்பிள்ளை இருக்குது, தண்ணிதான் வருதேன்னேன்.

200 லிட்டர் டிரம்மை வெச்சு நேரம் பாத்தோம். ரொம்ப 50 செகண்டு. அப்படின்னா செகண்டுக்கு 4 லிட்டர். கிணத்துத் தண்ணி மட்டத்துல இருந்து தொட்டி வாய் வரைக்கும் கயிறு விட்டு அளந்தோம், 30 மீட்டர். அவ்வளவு தண்ணியை அந்த ஒசரத்துக்குத் தூக்கறதுக்கு வேணுங்கிற சக்தி சுமார் 1200 வாட்டு. அப்பறம் டாங் டெஸ்டரை ஒயர்ல மாட்டிக் கணக்குப் போட்டான். மோட்டார் இழுத்தது சுமார் 4600 வாட்டு.

அதாவது கம்பியில வந்த கரண்டுல நாலுல ஒரு பங்குதான் தண்ணியா மேல வந்துச்சு. மீதி மூணு பங்கு சூடா, சத்தமா, பைப்போட தேய்மானமாப் போயிருச்சு. இருவது வருசமா அதை என் கண்ணு முன்னாடியே ஓட்டிக்கிட்டு, கம்பெனிக்காரனையும் ஈ.பி.காரனையும் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

புது மோட்டார் வாங்கலைங்க. புட்வால்வைக் கழட்டுனோம். பாசியும் வேருமா வலை முக்கால்வாசி அடைச்சிருந்துச்சு. அது ஒழுகும்போதெல்லாம் சாணியைக் கரைச்சு ஊத்தி அடைக்கறதுதான் எங்க வைத்தியம். ஒழுகல் நிக்கும், கூடவே தண்ணி வர்ற வழியும் நிக்கும். அடுத்தது பைப்பு. ரெண்டு இஞ்சு பைப்பை எடுத்துட்டு ரெண்டரை இஞ்சு போட்டோம். அரை இஞ்சுல என்ன வந்துறப் போகுதுன்னு நானும் கேட்டேன். அதே தண்ணி போனா, உராய்ஞ்சு வீணாகறது மூணுல ஒரு பங்காக் கொறஞ்சிரும்னான். வெடுக்குனு ஒடிச்சுத் திருப்பியிருந்த எல்போக்களை எடுத்துட்டு வளைஞ்சு போற பெண்டு வெச்சோம்.

அதுக்கப்பறம் டிரம் ரொம்ப 40 செகண்டு. அதே மோட்டார்தான். அஞ்சு மணி நேரம் பாஞ்ச காடு நாலு மணி நேரத்துல பாயுது. சாயப்பட்டறைப் பம்போட ஒப்பிட்டா இதுவும் கேவலம்தான்னு மாப்பிள்ளை சொன்னான். இருந்தாலும் ஒரு மணி நேரம் மிச்சம்.

இப்ப என்னோட கேள்விக்கு வர்றேன். இருவது வருசத்துல இதை எனக்கு யாரும் ஏன் சொல்லலை?

ஏன்னா சொல்றதுல யாருக்கும் காசு இல்லை.

மோட்டார் விக்கறவருக்கு வித்தாக் காசு. பெருசா வித்தா இன்னும் காசு. "தண்ணி பத்தலையா? ஏழரை எச்.பி. போடுங்க." பைப்பு அதே ரெண்டு இஞ்சுதான். சந்து ரோட்டுல லாரியைக் கொண்டாந்து விடற கதை. மெக்கானிக்குக்கு மோட்டார் எரிஞ்சாக் காசு. மோனோபிளாக் எரிஞ்சா, பழைய காயிலை எடுக்கறதுக்கு நெருப்பு வெச்சுக் கருக்கறவங்க இன்னைக்கும் இருக்காங்க. அந்தச் சூட்டுல உள்ள இருக்கிற இரும்புத் தகடோட பூச்சியும் போயிரும். அப்பறம் கம்பியை எவ்வளவு நல்லாக் கட்டினாலும் பழைய மோட்டார் திரும்பி வராது, சீக்கிரம் சூடாகும், மறுபடி எரியும். மறுபடி காசு. போர் வண்டிக்காரருக்கு அடிக்கு இவ்வளவுன்னு காசு, தண்ணி வந்தாலும் வராட்டியும். அரசாங்கம் புது மோட்டாருக்கு மானியம் தருது, நல்லதுதான். ஆனா நட்சத்திரம் ஒட்டுன மோட்டார் அந்த நட்சத்திரத்தை வாங்குனது குறிப்பிட்ட ஒசரத்துக்கு, குறிப்பிட்ட தண்ணிக்கு. உங்க கிணத்தோட ஒசரம் வேறன்னா நட்சத்திரம் பெட்டியிலதான் இருக்கும்.

இத்தனை பேர்ல, மோட்டார் எரியாமப் பாத்துக்கிட்டாக் காசுன்னு யாராவது இருக்காங்களா? ஒருத்தரும் இல்லை. நானும் குடுத்ததில்லை. எரிஞ்சா எட்டாயிரம் குடுப்பேன், எரியறதுக்கு முன்னாடி வந்து பாக்கறேன்னு சொன்னவருக்கு முந்நூறு ரூவா குடுக்கக் கணக்குப் பாத்தேன். மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன புண்ணியம்? அவரு பொழப்பை அப்படி அமைச்சுக் குடுத்ததே நாமதான்.

இதுக்கெல்லாம் கரண்டு மட்டும்தான் போகுதுன்னு நெனைக்காதீங்க. இப்ப சொல்லப் போறதை எழுதறதுக்கு எனக்கே கூச்சமா இருக்குது.

நாலு வருசத்துக்கு முன்னாடி ஏப்ரல் மாசம். எங்க டிரான்ஸ்பார்மர் எரிஞ்சு, வேற கொண்டாந்து வெச்சாங்க. கரண்டு வந்துச்சு, மோட்டார் ஓடுச்சு, ஆனா தண்ணி பாதிக்கும் கீழ. எனக்கும் அப்படி, பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்கும் அப்படி, அந்த டிரான்ஸ்பார்மர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அப்படி. கோடைகாலம், நிலத்தடித் தண்ணி எறங்கிருச்சுன்னு முடிவு பண்ணிட்டோம். ஒரே நாள்ல, அத்தனை போர்லயும் சொல்லி வெச்ச மாதிரியா எறங்கும்? ஒருத்தருக்கும் கேக்கத் தோணலை.

அண்ணன் மூணு லெங்த் பைப்பு சேத்து மோட்டாரை எறக்கிப் பாத்தாரு. ஆகலை. அவருக்கு அப்ப மஞ்சள் வெச்ச புதுசு. "காயவிடறதுக்கு ஒரு போர் போட்டுருங்கண்ணா"ன்னு சொன்னது நான்தான். 900 அடி போட்டாரு. புகைதான் வந்துச்சு. ஒன்னேமுக்கா லட்சம். ரெண்டு கறவை மாட்டை வித்தாரு, மீதிக்கு நகை போச்சு.

அடுத்த மாசம் மாப்பிள்ளை எதுக்கோ ஊருக்கு வந்தான். விசயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட மொதக் கேள்வி, "மாமா, டிரான்ஸ்பார்மர் மாத்துனதுக்கப்பறம் ரொட்டேஷன் பாத்தீங்களா?"

மூணு பேஸ் லைன்ல ஏதாவது ரெண்டு ஒயர் எடம் மாறிட்டா மோட்டார் எதிர்ப்பக்கமாச் சுத்தும். நம்ம பம்பு எதிர்ப்பக்கம் சுத்துனாலும் ஓரளவு தண்ணி தள்ளும். அதுதான் ஏமாத்துது. தண்ணி சுத்தமா நின்னிருந்தாலாவது சந்தேகம் வந்திருக்கும். கட்டையை எறக்கிட்டு, ஸ்டார்டர்ல ரெண்டு ஒயரைக் கழட்டி மாத்தி முறுக்குனான். அஞ்சு நிமிசம். மறுபடி போட்டதும் பைப்பு வாய் நெறைய வந்து விழுந்துச்சு.

அண்ணன்கிட்டப் போய்ச் சொல்றதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. சொன்னேன். அவரு மோட்டாரையும் மாத்தி விட்டோம். பழைய போர்லயே தண்ணி கொட்டுச்சு. அவரு ஒன்னும் சொல்லலை. கட்டுத்தரையில காலியா இருந்த ரெண்டு முளைக்குச்சியைப் பாத்துக்கிட்டு நின்னாரு.

அஞ்சு நிமிச வேலை. அதைப் பாக்கறது யாரோட பொறுப்புன்னு எங்கயும் எழுதலை. டிரான்ஸ்பார்மர் மாத்துனவங்க வேலை கரண்டு வந்ததோட முடிஞ்சுது. மெக்கானிக் வேலை மோட்டாரை எறக்குனதோட முடிஞ்சுது. எங்களுக்கோ தெரியாது.

"பில் வந்தா நீங்களே கத்துக்குவீங்க"ன்னு சொல்வீங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்குது, மறைக்கலை. கையைக் கடிக்கலைன்னா யாரும் திரும்பிப் பாக்கறதில்லை. ஆனா நீங்க பில் கட்டறவங்கதானே? உங்க அபார்ட்மெண்ட் மோட்டார் ரூமுக்கு என்னைக்காவது போயிருக்கீங்களா? மேல் தொட்டிக்குத் தண்ணி ஏறி முடிச்சு மோட்டார் நின்னதும், ஏறுன பைப்புலயே தண்ணி திரும்பி எறங்கற சத்தம் கேக்குதா? அப்படின்னா உள்ள இருக்கிற வால்வு போயிருச்சு, ஏத்துன தண்ணியையே திரும்பத் திரும்ப ஏத்தறீங்க. அந்தக் காசு மெயின்டனன்ஸ்ங்கற பேர்ல உங்க தலையில விழுது. பில் வந்துமே உங்களுக்குத் தெரியலையே. பில்லு காசைத்தான் காட்டும், கோளாறைக் காட்டாது.

சோலார் பம்பு வந்தா எல்லாம் சரியாகிரும்னு சொல்றவங்களுக்கும் இதே பதில். சூரியன்ல வந்தாலும் சின்னப் பைப்பு சின்னப் பைப்புதான். மோட்டாரைப் போர்ல சேத்துக்குள்ள உக்கார வெச்சா, சுத்தித் தண்ணி ஓடாம சூடாகி எரியத்தான் செய்யும்.

எனக்கு வேண்டியது மூணு. ஒன்னு, மானியமோ சொந்தக் காசோ, புது மோட்டார் மாட்டுன அன்னைக்கே எவ்வளவு தண்ணி, எவ்வளவு ஆம்பியர், எந்தப் பக்கம் சுத்துதுன்னு அளந்து ஒரு அட்டையில எழுதி ஸ்டார்டர் பெட்டியில ஒட்டணும். எழுதுனவர் கையெழுத்து வேணும். அட்டை இல்லைன்னா மானியம் இல்லைன்னு சொல்லட்டும். ரெண்டு, டிரான்ஸ்பார்மர்லயோ லைன்லயோ கை வெச்சா, பேஸ் வரிசை சரியா இருக்குதான்னு பாத்துட்டுத்தான் போகணும். மூணு, வருசத்துக்கு ரெண்டு தரம் மோட்டாரைப் பாத்துட்டுப் போறதுக்குச் சம்பளம் வாங்கற ஆள் ஊருக்கு ஒருத்தர். ஐ.டி.ஐ.யில பம்பு மெக்கானிக்குன்னு படிப்பே இருக்குது. மாட்டுக்கு டாக்டர் வெச்சிருக்கற அரசாங்கம் இதுக்கும் வெக்கலாம்.

மீட்டர் வெக்க வர்றாங்கன்னு இதை யாரும் திருப்பிற வேண்டாம். பில் போடற மீட்டரை நானும் எதுத்து நிக்கறவன்தான். ஆனா அளக்கவே கூடாதுன்னு நாங்க பிடிச்ச பிடிவாதத்துல, எங்க தோட்டத்துல என்ன நடக்குதுன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சு. டிரம்மும் கடிகாரமும் எங்க கையில இருந்தா எந்த ஆபீசும் அதை வெச்சு எங்களுக்குப் பில் போட முடியாது. டெல்டாக்காரரும் சரி, எங்க பக்கத்துக்காரரும் சரி, மாசத்துக்கு ஒரு தரம் டிரம்மை வெச்சு நேரம் பாருங்க. போன மாசத்தை விட நேரம் கூடியிருந்தா, போர் வண்டியைக் கூப்புடறதுக்கு முன்னாடி புட்வால்வைப் பாருங்க, ரொட்டேஷனைப் பாருங்க.

கொழுந்தியா பையன்கிட்டயும் டிரம்மைக் குடுத்துத்தான் அளக்கச் சொன்னேன். 40 செகண்டு வந்துச்சு. "முன்ன 50, பெரியப்பாவுக்கே போன வருசந்தான் தெரியும்"னு சொன்னேன். ஊருக்குப் போனதுக்கப்பறம் போன் பண்ணினான். அவங்க அபார்ட்மெண்ட்ல மோட்டார் நின்னதும் பைப்புல தண்ணி எறங்கற சத்தம் கேக்குதாம்.

அண்ணன் அந்த 900 அடிப் போர்க் குழியைக் கல்லு வெச்சு மூடியிருக்காரு. நான் அந்த வழியாத்தான் தோட்டத்துக்குப் போகணும்.